வீட்டில் செய்த ஸ்பீக்கர் பெட்டி: ஒரே மழைக்காலத்தில் ஏன் உப்பிப் போகிறது? பெயின்ட் எப்படி அடிக்கணும்?

நல்ல வூஃபர் வாங்கியாச்சு. வீடியோ பார்த்து அளவெடுத்து, 18 மி.மீ. எம்.டி.எஃப் பலகையில் பெட்டியும் ரெடி. மேலே பளபளன்னு கறுப்பு பெயின்ட். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பார்த்தால் பெட்டியின் கீழ் ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருக்கிறது. அந்த இடத்தில் பெயின்ட் வெடித்து, பழுப்பு நிறத் தூள் எட்டிப் பார்க்கிறது.

காரைக்கால் கிளிஞ்சல்மேடு மாதிரி அலைச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழி பெயின்ட் கம்பெனி மேல் விழும். ஆனால் பெரும்பாலும் பிரச்சினை பெயின்டில் இல்லை, அது போகாத இடங்களில் இருக்கிறது.

ஓரம்தான் வாய்

எம்.டி.எஃப் என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. அழுத்தும்போது மேல்பக்கமும் கீழ்பக்கமும் இறுகிவிடும், நடுப்பகுதி கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். பலகையை அறுத்தவுடன் அந்தத் தளர்வான நடுப்பகுதி ஓரத்தில் திறந்துகொள்கிறது. தண்ணீரை அங்கேதான் அது உறிஞ்சும். ஒருமுறை உப்பிய நார், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

இதற்குக் கடலோரத்தில் இன்னொரு கூட்டாளி உண்டு: உப்பு. காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள் எங்கே ஒட்டினாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டு கோட்டுக்கு நடுவில் அந்தத் துகள் சிக்கினால் கொஞ்ச நாளில் அங்கே கொப்புளம் கிளம்பும். அதனால் முதல் சீலர் கோட் காய்ந்த பிறகு, ஒவ்வொரு முறை உப்புத்தாள் போட்டதும், நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். பச்சை எம்.டி.எஃப் மேல் மட்டும் ஈரத்துணி கூடாது.

இந்த விஷயம் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். படகுக்குள் பலகை வைத்து மூடியிருக்கும் இடத்தில் திருகுக்குத் துளை போட்டால், அந்தத் துளைக்குள்ளும் ரெசின் விடுவார்கள். விடவில்லை என்றால் வெளியே படகு பளிச்சென்று இருக்க, உள்ளே மரம் அழுகிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதேதான். வூஃபருக்கு வெட்டிய வட்டம், போர்ட் குழாய்க்கான துளை, ஒயர் வரும் துளை, திருகு ஓட்டை எல்லாமே திறந்த ஓரங்கள்தான். எபாக்ஸியோ, இரண்டு பாகம் கலக்கும் பி.யு. சீலரோ எடுத்து மெல்லியதாக ஒரு கோட். முதல் கோட்டைப் பலகை அப்படியே குடித்துவிடும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் 180-ம் நம்பர் உப்புத்தாள், பிறகு இரண்டாவது கோட். சாதாரண வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பூசும் வழக்கமும் உண்டு. உள்நாட்டு வீடுகளுக்கு அது போதும். கடலோரத்தில் அந்தப் பசையே ஈரத்தில் இளகும்.

பலகையையே மாற்றலாமே என்றால், தாராளமாக மாற்றலாம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். விலை கூடுதல். ஆனால் எடையில் மிச்சம்: 8க்கு 4 அடி, 18 மி.மீ. எம்.டி.எஃப் பலகை ஒன்று சுமார் 40 கிலோ வரும், பிளைவுட் அதைவிடக் குறைவு. ஓரத்தை அடைப்பது இரண்டுக்கும் பொது.

உள்பக்கம் யாருக்குத் தெரியப் போகுது?

பலர் சறுக்கும் இடம் இது. போர்ட் வைத்த பெட்டி மூச்சு விடும். ஒவ்வொரு பேஸ் அடிக்கும் குழாய் வழியே காற்று வெளியே போய் உள்ளே வரும். கடற்கரை வீட்டில் அது இழுப்பது உப்பும் ஈரமும் கலந்த காற்று. வெளியே நாலு கோட் அடித்து உள்ளே வெறும் பலகையாக விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறிப் பலகை வளையும், மூட்டு பிளக்கும். பளபளப்பு தேவையில்லை, உள்ளேயும் ஒரு சீலர் கோட் போட்டுவிடுங்கள்.

சரி, பெயின்ட் அடித்தால் சவுண்ட் மாறுமா? வெளிப் பெயின்டால் காதுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மாறாது. மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு கனம் உள்ள படலம் அது. மாறுவது உள்ளே கனமாகப் பூசும்போதுதான். 1970-களில் பிபிசி பொறியாளர்கள் தங்கள் ஒலிபரப்பு வேலைக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரில், மெல்லிய பிர்ச் பிளைவுட் சுவரின் உள்பக்கம் தார் போன்ற பிட்டுமின் அட்டையை ஒட்டினார்கள். பலகை அதிர்வதை அது அமுக்கும். சவுண்ட் கெடும் இன்னொரு வழி, உப்பிய மூட்டில் காற்று கசிவது. பேஸ் வரும்போது ‘புஸ்’ என்று கேட்கும்.

லாக்கர் ஏன் வெளுக்கிறது?

என்.சி. லாக்கர் அடித்த பத்தாவது நிமிடம் பாலாடை மாதிரி வெள்ளைப் படலம் வந்தால், டப்பா கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு சில்லென்று ஆகிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனித்துளியாகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கரையில் லாக்கர் வேலையைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம். மார்கழி, தைப் பனியில் அதிகாலையிலும் வேண்டாம். வெயில் ஏறி, பலகை தொட்டால் காய்ந்திருக்கும் நேரமே சரி. அவசரம் என்றால் மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கேட்டு வாங்கலாம்.

சிலர் சுவருக்கு அடிக்கும் சிமென்ட் பட்டியையே மூட்டில் அப்பிவிடுகிறார்கள். அதிரும் பெட்டியில் அது நிற்காது, விரியும். கார் டிங்கரிங் வேலைக்கு விற்கும் பாலியெஸ்டர் பட்டி நன்றாகப் பிடிக்கும். அப்படியும் சில மாதங்களில் மூட்டுக் கோடு மெலிதாகத் தெரியலாம், ஏனென்றால் பலகையின் முகமும் ஓரமும் ஒரே அளவில் விரிவதில்லை. கண்ணாடி மாதிரி ஃபினிஷ்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதைவிட, சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயின்ட் என் ஓட்டு. சவுண்ட் சர்வீஸ்காரர்களின் பெட்டிகளில் பார்க்கிறோமே, அது. கீறலும் தெரியாது, கோடும் தெரியாது.

பெட்டியைவிட நுரையீரல் முக்கியம்

பி.யு. பெயின்டில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்தால் அது நுண்துளியாக மூச்சில் போய் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. வீட்டில் செய்பவர்கள் ஸ்பிரே கன்னை விட்டுவிட்டு, ரோலரோ பிரஷ்ஷோ வைத்து நல்ல காற்றோட்டத்தில் அடிப்பதே மேல். உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூசியும் லேசுப்பட்டதில்லை: மரத்தூசி, எம்.டி.எஃப் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு இரண்டையும், புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. இங்கே அந்த முகக்கவசம் உதவும்.

மீனவ ஊர்களில் இன்னொரு சபலம், மிச்சமிருக்கும் படகு பெயின்ட். விசைப்படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் பெயின்டில், சிப்பி ஒட்டாமல் இருக்கத் தாமிர நஞ்சு கலந்திருக்கும். அது ஹாலில் வைக்கும் பொருளுக்கு இல்லை. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது. தொழிற்சாலைப் பயன்பாட்டு பெயின்டுகள் இந்த விதிக்குள் வராது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் டப்பா மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு திறங்கள்.

எனாமல் ஒரே இரவில் தொடக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும், உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். மழை ஈரத்தில் இன்னும் கூடும். அதற்குள் வூஃபரை மாட்டினால் ரப்பர் வாஷர் பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும், பின்னால் கழற்றும்போது வட்டமாக உரிந்து வரும். வெட்டிய வட்டத்தின் உள்விளிம்பில் கோட் ஏற ஏற அளவு குறையும் என்பதால், ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் வூஃபரை ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திருகுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் நல்லது, உப்புக் காற்றை 304-ஐவிட அது நன்றாகத் தாங்கும்.

எல்லாம் மாட்டியபின் ஃபேனை நிறுத்திவிட்டு, 40 ஹெர்ட்ஸ் சவுண்ட் ஒன்றைப் போட்டு, ஊதுபத்தியை மூட்டுகளின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே துடிக்கிறதோ, அங்கே ஓரம் இன்னும் திறந்திருக்கிறது.