எரிசாராயம் கலந்த பெட்ரோல்

வெளி மாநிலங்களில் சிறு சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கும் நம்மவர் பலர், வண்டி முன்போல் மைலேஜ் கொடுப்பதில்லை என்று குறைப்படக் கேட்கிறோம். பங்கில் அளவைக் குறைக்கிறார்களோ என்ற ஐயமும் எழுகிறது. அளவு சரியாயிருப்பினும் குறை மெய்யே.

2025 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கிறது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் எரிசாராயமே அது. லிட்டருக்கு அது தரும் வெப்பம் பெட்ரோலினதில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய அமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளுக்கு நூற்றுக்கு 6 முதல் 7 வரை மைலேஜ் குறையலாமென 2021இல் நீதி ஆயோக் அறிக்கையே கூறிற்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓடினால், அரை லிட்டர் வரை கூடுதலாகும். நாள் கூலியை எண்ணிப் பிழைப்பவருக்கு இது சிறு தொகையன்று.

கடையில் விற்கும் மருந்துப் புட்டி இதனை ஈடுசெய்யுமா? ஆக்டேன் என்பது ஆற்றலன்று. இயந்திரத்தில் தட்டல் எழாது தாங்கும் திறன். எத்தனாலால் அது முன்னரே உயர்ந்துள்ளது. மேலும் உயர்த்துவது சாதாரண இயந்திரத்திற்கு வீண். (தட்டலை நிறுத்தவே 1921இல் மிட்ஜ்லி ஈயக் கலவையைக் கண்டார், நஞ்சென்று 2000இல் நம் நாடு அதை விலக்கியது.) அழுக்கு நீக்கும் திரவமோ, இன்ஜெக்டரில் படிவு இருந்தால் மட்டும் இழந்ததை மீட்கும்.

அப்பணத்தில் டயர்க் காற்றையும் ஏர் பில்டரையும் கவனிக்கலாம். பழைய வண்டியாயின் ரப்பர்க் குழாய்களையும் பார்ப்போம். எத்தனால் அவற்றை ஊதச் செய்யும். அது நீரையும் ஈர்க்குமாதலால், மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தலாகாது.