அதிர்வலைச் சிகிச்சை யாருக்கு ஏற்றது?

2005 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் டெஸ்ட் ஆட்டங்களில் 10,000 ஓட்டங்களைக் கடந்தார் சச்சின் டெண்டுல்கர். அதே மே மாதம் லண்டனில் அவருடைய இடது முழங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. முந்தைய ஆண்டிலேயே அவரை ஆட்டங்களிலிருந்து விலக்கிவைத்த அந்த நோயின் பெயர் ‘டென்னிஸ் எல்போ’. மட்டையைத் தொடாதவருக்கும் அது வரும். மாவு பிசைவோரும் கணினியில் நாளெல்லாம் உழைப்போரும் அதற்கு விலக்கல்லர்.

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் நலிவதால் வரும் இவ்வலிக்கு அதிர்வலைச் சிகிச்சை இன்று பல இடங்களில் கிடைக்கிறது. பெயரைக் கேட்டு மின்சாரம் பாய்ச்சுவார்களோ என அஞ்ச வேண்டாம். இது அழுத்தம் மிகுந்த ஒலி அலையே. 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்பட்ட முறையின் வழித்தோன்றல் இது.

வலி வந்தவுடன் நாட வேண்டிய சிகிச்சை இதுவன்று. வேலைச்சுமையைக் குறைத்து, முறையான உடற்பயிற்சிகளைச் செய்தும் மூன்று மாதங்களுக்கு மேல் வலி நீடிப்போருக்கே இது பொருந்தும். குதிகால் வலி, குதிகால் தசைநாண் வலி, சுண்ணம் படிந்த தோள்பட்டை வலி ஆகியவற்றில் பலருக்குப் பயன் தந்துள்ளது. டென்னிஸ் எல்போவில் ஆய்வு முடிவுகள் ஒருமித்து இல்லை.

கர்ப்பிணிகள், இரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளோர், வலியுள்ள இடத்தில் புற்றுநோயோ கிருமித்தொற்றோ உடையோர் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கும், தசைநாண் முற்றிலும் அறுந்தவர்களுக்கும் அவ்வாறே. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், அண்மையில் அவ்விடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டோரும், இதயமுடுக்கி பொருத்தியோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பெரும்பாலும் வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வுகள் தேவைப்படும். சிகிச்சையின்போது வலிக்கலாம், பின்னர் தோல் சிவக்கலாம். பலன் தெரிய மூன்று மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை உடற்பயிற்சியைக் கைவிடலாகாது. சிலருக்குப் பலன் கிட்டாமலும் போகும்.

வங்கிப் பணியிலிருப்போர் என்ற முறையில் நாம் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பொருந்துவன. எனவே முன்பணம் செலுத்துமுன் மொத்த அமர்வுகளையும் கட்டணத்தையும் எழுத்தில் பெற்று, காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டறியுங்கள். ‘இச்சிகிச்சை எனக்கு ஏற்றதா?’ என்னும் வினாவை அதற்கும் முன்னதாக எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.