எட்டு லட்சம் பாட், ஒரு வருட முத்திரை

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் வெளிநாட்டவர் பலரிடம் கை வைக்காத வங்கிக் கணக்கு ஒன்று இருக்கும். அதில் இருப்பது எட்டு லட்சம் பாட். 50 வயதைக் கடந்த ஒருவர் அங்கே தங்கும் அனுமதியை வருடாவருடம் நீட்டிக்க வேண்டுமானால், இந்தத் தொகை உள்ளூர் வங்கியில் இருப்பதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் வருவதை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் புதிய வரியைப் பதிவுசெய்து, வங்கியிடம் கடிதம் வாங்கி, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடத்தையும் சேர்த்து, 1,900 பாட் கட்டணத்துடன் இமிகிரேஷன் அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். பாங்காக்கில் இருப்பவர்களுக்கு சேங் வத்தனா சாலையின் அரசு வளாகம், பட்டாயாக்காரர்களுக்கு ஜோம்தியென். எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் ஒரு வருடத்துக்கு முத்திரை விழும்.

இருபது வருடமாக அங்கேயே வாழ்பவருக்கும் அந்த ஒரு வருடம்தான். நிரந்தரக் குடியிருப்பு என்ற ஏற்பாடு தாய்லாந்தில் உண்டு. ஆனால் ஒரு நாட்டினருக்கு வருடத்துக்கு 100 பேர் என்பதே அதன் உச்ச வரம்பு. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கென்று அதில் ஒரு பிரிவு கிடையாது. நிலம் வாங்கவும் முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம். அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது. ஆகவே நிலம் தாய்லாந்து மனைவியின் பெயரில் இருக்கும், கணவரோ வருடாந்திர அனுமதியில் இருப்பார். மனைவி இறந்துபோனால் திருமணத்தின் பேரில் பெற்ற அனுமதிக்கு அடிப்படையே போய்விடும். துக்க வீட்டிலேயே விசா கணக்குப் பார்க்க வேண்டிய நிலை வரும்.

இந்த வாழ்க்கையின் அச்சு 1979-ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம். நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒருமுறை தான் இருக்கும் முகவரியை அறிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தில் இருக்கிறது. தவறினால் 2,000 பாட் அபராதம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. இரண்டாவது விதி வெகுகாலம் பெயரளவில்தான் இருந்தது. 2019-இல் அதை இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு வார இறுதிக்கு வேறு மாகாணம் போய்த் திரும்பியவருக்காகவும் வீட்டுக்காரர் மறுபடி படிவம் கொடுக்க வேண்டியதாயிற்று. படிவம் கொடுக்காத வீட்டுக்காரரால், வாடகைக்கு இருப்பவரின் வேலை இமிகிரேஷன் ஜன்னலில் நின்றுபோனது. எதிர்ப்பு கிளம்பி, 2020 ஜூனில் விதி தளர்ந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலேயே, அதை அமல்படுத்தும் விதத்தை மாற்றி ஒரு கூட்டத்தின் அன்றாடத்தைப் புரட்டிப் போட முடியும் என்பதற்கு 2019 நல்ல உதாரணம்.

ஆனால் முதியவர்களை உண்மையில் உலுக்கியது வேறொன்று. மாத வருமானத்தை நிரூபிக்க அதுவரை பலரும் நம்பியிருந்தது சொந்த நாட்டுத் தூதரகம் தரும் கடிதத்தை. ஓய்வூதியம் இவ்வளவு என்று சொல்லிக் கட்டணம் கட்டினால் தூதரகம் கடிதம் தரும். இமிகிரேஷன் அதை ஏற்கும். அந்தத் தொகையைத் தூதரகமே சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்று தாய்லாந்து அதிகாரிகள் எதிர்பார்க்க, தங்களால் அது முடியாது என்று 2018 கடைசியில் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தூதரகங்கள் கடிதம் கொடுப்பதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்தன. 2019 பிறந்தபோது அந்த நாட்டினரிடம் இருந்த முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று, வெளிநாட்டிலிருந்து மாதந்தவறாமல் 65,000 பாட் தாய்லாந்து வங்கிக்கு வந்ததற்கான கணக்கு. மற்றொன்று அந்த எட்டு லட்சம்.

அந்த வருட மார்ச்சில் எட்டு லட்சத்தின் விதியும் மாறியது. முன்பெல்லாம் முத்திரை விழுந்த பிறகு அந்தப் பணத்தை எடுத்துச் செலவழித்து, அடுத்த விண்ணப்பத்துக்கு முன் திரும்ப நிரப்பிவிடலாம். புதிய விதிப்படி விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பும், அனுமதி கிடைத்த பின் மூன்று மாதமும் முழுத்தொகை அசையாமல் இருக்க வேண்டும். மீதி மாதங்களிலும் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு என்று ஒதுக்கி வைத்த சேமிப்பை அறுவை சிகிச்சைக்கே எடுக்க முடியாத கட்டாயம் இது. பணக்காரருக்கு இது ஒரு பொருட்டில்லை. சொற்ப ஓய்வூதியத்தில், செலவு குறைவு என்பதற்காகவே சியாங் மாய்க்கோ உடோன் தானிக்கோ வந்து சேர்ந்தவர்கள்தான் திணறினார்கள்.

வருடம் முடிவதற்குள் மருத்துவக் காப்பீடு வந்தது. 'ஓ-ஏ' எனப்படும் நீண்டகால விசா வைத்திருப்பவர்கள், 2019 அக்டோபர் 31 முதல், வெளிநோயாளிச் சிகிச்சைக்கு 40,000 பாட்டும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு நான்கு லட்சம் பாட்டும் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். வெளிநாட்டு நோயாளிகள் கட்டாமல் விட்டுப்போகும் பில்கள் அரசு மருத்துவமனைகளுக்குச் சுமை என்பது அரசு சொன்ன காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே பல வருடம் அங்கே வாழ்ந்து, நீட்டிப்புக்கு மட்டும் வந்தவர்களிடமும் அதைக் கேட்டார்கள். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவருக்குப் புதிய பாலிசி தர எந்த நிறுவனம் எளிதில் முன்வரும்? முன்வந்தாலும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரையையும் இதயக் கோளாறையும் விலக்கிவிட்டுத் தரும் பாலிசியால் அவருக்கு என்ன பயன்? அறுபதில் வந்தவரிடம் கேட்டிருந்தால் எடுத்திருப்பார். எண்பதில் கேட்டதுதான் கொடுமை. சிலர் நாட்டை விட்டு வெளியே போய், வேறு வகை விசாவில் திரும்பி வந்து, அதே வீட்டில் அதே வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள்.

இளையவர்களின் கதை வேறு. அவர்கள் பலருக்கு நீண்டகால விசாவே கிடையாது. 'விசா ரன்' என்ற எல்லை ஓட்டம்தான் வெகுகாலம் வழியாக இருந்தது: 30 நாள் முடிவதற்குள் வேனில் ஏறிக் கம்போடிய எல்லையான போய்பெட்டுக்கோ, லாவோஸ் பக்கமோ போய், முத்திரை குத்திக்கொண்டு அன்றே திரும்புவது. தெற்கே இருப்பவர்களுக்கு மலேசியாவின் பினாங்கு. அங்கே தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருப்பதால், ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர் தாங்கிய சூலியா தெருவின் மலிவு விடுதிகளும் பயண முகவர் கடைகளும் இந்தக் கூட்டத்தை வெகுகாலமாக அறியும். முன்பெல்லாம் காலையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, விசா கைக்கு வரும்வரை ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்த ஓட்டத்தின் விதிகளும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2006-இல் ஆறு மாதத்தில் 90 நாள் மட்டுமே என்றார்கள். 2008-இல் அதை நீக்கிவிட்டு, தரைவழியாக வந்தால் 15 நாள்தான் என்றார்கள். 2014-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடத்தில் எல்லையிலேயே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 2016 கடைசியில் தரைவழிக்கு வருடத்துக்கு இரண்டு முறை என்ற வரம்பு வந்தது. 2024 ஜூலை 15 முதல் காற்று எதிர்ப்பக்கம் வீசியது: சுற்றுலாவை மீட்க, இந்தியா உட்பட 93 நாடுகள், பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு விசா இல்லாமலே 60 நாள். அடுத்த வருடமே கம்போடியாவுடன் மோதல் முற்றி, 2025 ஜூனில் அந்த எல்லை அடைபட்டது. நவம்பரில், மீண்டும் மீண்டும் விசா ரன் வருபவர்களைத் தடுக்கப்போவதாக இமிகிரேஷன் அறிவித்தது.

அரசின் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். சுற்றுலாப் பயணி என்ற பெயரில் வருடக்கணக்கில் தங்கி அனுமதியின்றி வேலை பார்ப்பவர்கள் உண்டு. மோசடிக் கும்பல்களும் உண்டு. அனுமதிக் காலம் தாண்டித் தங்குபவருக்கு நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம் என்று மட்டும் இருந்த நிலையில், அதை வாடகை போலக் கட்டிவிட்டுப் போனவர்கள் ஏராளம். 2016 மார்ச்சில் வந்த விதி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. தானே முன்வந்தாலும், 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால் ஒரு வருடம் நாட்டுக்குள் நுழையத் தடை. ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் பத்து வருடத் தடை. இது கண்டிப்பான விதி, ஆனால் தெளிவான விதி. என்ன செய்தால் என்ன நேரும் என்று முன்கூட்டியே தெரிகிற சட்டத்தோடு ஒரு மனிதரால் வாழ்ந்துவிட முடியும்.

அந்தத் தெளிவு கிடைக்காதவர்கள் ஓய்வூதியக்காரர்களைவிட எண்ணிக்கையில் மிக அதிகம். மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்து, சமுத் சாகோனில் இறால் உரிப்பவர்களும் பாங்காக்கில் சாரத்தில் ஏறுபவர்களும்தான் தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டவரில் பெரும்பகுதி. இவர்களின் அனுமதி அமைச்சரவைத் தீர்மானத்துக்குத் தீர்மானம் உயிர் பெறும். ஒவ்வொரு முறையும் புதிய பதிவு, புதிய அட்டை, புதிய கெடு. 2014 ஜூனில், பதிவில்லாத தொழிலாளர்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், சில வாரங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள் லாரிகளில் நின்றுகொண்டே எல்லையைக் கடந்தார்கள். கட்டுமான வேலைகள் நின்றன. பின்னர் அரசே அவர்களை முறைப்படி திரும்ப அழைத்துப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று.

மூன்று வருடம் கழித்து மீண்டும் அதே காட்சி. 2017 ஜூன் 23 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது: அனுமதியில்லாத ஒரு தொழிலாளியை வைத்திருந்தால் முதலாளிக்கு நான்கு லட்சம் முதல் எட்டு லட்சம் பாட் வரை அபராதம், தொழிலாளிக்கு ஐந்து வருடம் வரை சிறை. ஓய்வூதியக்காரர் ஒரு வருடம் தங்க வங்கியில் காட்ட வேண்டிய அதே தொகை, ஒரு தொழிலாளியின் பேரில் முதலாளி செலுத்த வேண்டிய உச்ச அபராதமானது. பயந்துபோன முதலாளிகள் ஆட்களை இரவோடு இரவாக வெளியேற்ற, பல்லாயிரம் பேர் மியான்மர் எல்லையில் மே சோட் வழியாகக் குவிந்தார்கள். இரண்டே வாரத்துக்குள் அரசு தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனைப் பிரிவுகளை வருடக் கடைசி வரை நிறுத்தி வைத்தது. அதற்குள் வேலையை இழந்தவர்களுக்கும், ஊர் திரும்பும் வழியில் தரகர்களிடம் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கும் யாரும் ஈடு தரவில்லை.

மாற்றத்தை இதமாகச் செய்ய முடியாது என்பதும் உண்மையல்ல. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது, முகக்கவசத்தோடு ஆயிரக்கணக்கானோர் இமிகிரேஷன் வரிசைகளில் நெருக்கியடித்து நின்றார்கள். ஏப்ரலில் அரசு, யாரும் வர வேண்டாம், அனுமதி தானாக நீளும் என்று அறிவித்தது. அந்தச் சலுகை ஜூலை 31 வரை நீடித்து, பின் செப்டம்பர் 26 வரை அவகாசமும் தரப்பட்டது. வரிசை ஒரே அறிவிப்பில் கரைந்தது.

ஏற்கெனவே வந்து வாழ்பவர்கள் மீது புதிய விதியைத் திணிக்கலாமா என்ற கேள்வி பிரிட்டனில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உயர் திறன் படைத்தவர்களைக் கவர 2002-இல் அந்த நாடு ஒரு திட்டம் தொடங்கியது. பிரிட்டனையே தன் முதன்மை வீடாக்கிக்கொள்வேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அதில் சேர வேண்டும். இந்தியர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். வேலையை விட்டு, வீட்டை விற்றுப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். திட்டத்தில் பின்னால் மாற்றம் வந்தாலும் ஏற்கெனவே வந்தவர்களைப் பாதிக்காது என்று அரசின் வழிகாட்டிக் குறிப்பே சொன்னது. 2006-இல் நிரந்தரக் குடியிருப்புக்கான காலம் நான்கிலிருந்து ஐந்து வருடமானது. அதே வருட நவம்பரில், நீட்டிப்புக்கான மதிப்பெண் முறையும் மாறியது. அனுபவத்துக்கு மதிப்பெண் இல்லை. வயது, படிப்பு, சம்பளம் ஆகியவற்றுக்கே பெரும்பாலான மதிப்பெண். பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், ஏற்கெனவே வந்தவர்கள் மீது புதிய விதியைத் திணித்தது நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருட விதிக்கு எதிராகவும் அடுத்த வருடம் வென்றார்கள்.

அந்த வெற்றி எல்லா வாசலையும் திறந்துவிடவில்லை. 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நிரந்தரக் குடியிருப்புக்கான வழக்கமான காலத்தை ஐந்திலிருந்து பத்து வருடமாக்க முன்மொழிந்தது. நவம்பரில் வந்த விரிவான திட்டம், ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்து இன்னும் நிரந்தர அனுமதி பெறாதவர்களையும் அதற்குள் இழுத்தது. முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று அழைக்கப்பட்டுப் போனவர்களுக்கு அந்தக் காலம் பதினைந்து வருடம் என்றது. பெற்ற கடனையும், பிள்ளையின் பள்ளி வருடங்களையும் ஐந்து வருடக் கணக்கில் பொருத்தி வைத்திருந்த குடும்பங்கள் அவை.

தாய்லாந்திடம் இதற்கான விடை ஏற்கெனவே இருக்கிறது. ஓய்வுக்கால அனுமதியின் தொகையை முன்பு உயர்த்தியபோது, 1998 அக்டோபர் 21-க்கு முன் வந்து தொடர்ச்சியாக அங்கே தங்கியவர்களுக்கு ஒரு தனிப் பிரிவை எழுதி வைத்தார்கள். 60 வயதைத் தாண்டியவராக இருந்தால் அவர் காட்ட வேண்டியது எட்டு லட்சமல்ல, இரண்டு லட்சம் பாட். மாத வருமானம் என்றால் 20,000. வந்த நாளில் இருந்த நிபந்தனைகளோடு ஒருவரை வாழ விடும் இந்த ஏற்பாட்டால் தாய்லாந்து எதையும் இழக்கவில்லை. 2019-இல் காப்பீட்டு விதியை எழுதியவர்கள் இதே போல் ஒரு தேதியைக் குறித்திருந்தால், எண்பது வயதுக்காரர்கள் பாலிசி தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த சோதனைக்கும் நாள் குறித்தாயிற்று. 2024 ஜூலையில் தாய்லாந்து, தொலைவிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு புதிய விசாவைத் தொடங்கியது: கட்டணம் 10,000 பாட், கையிருப்பு ஐந்து லட்சம் பாட், ஐந்து வருடச் செல்லுபடி, ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள். லேப்டாப்போடு வந்து சியாங் மாயிலும் கோ பங்கானிலும் வாடகைக்கு வீடெடுத்தவர்களில் சிலர் இப்போது உள்ளூரில் குடும்பமும் குழந்தைகளுக்குப் பள்ளியும் தேடிக்கொண்டவர்கள். முதலில் வாங்கியவர்களின் விசா 2029-இல் முடியும். அவர்களுக்குப் பழைய நிபந்தனையா புதிய நிபந்தனையா என்பதை இப்போதே எழுத்தில் சொல்லிவிடுவதற்கு அரசிடம் போதிய காலம் இருக்கிறது.