குதிரைத்திறன் கூடினால் கார் விரைவாகுமா?

கார் வாங்கப் போகும் பலர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எத்தனை குதிரைத்திறன்?’ என்பதுதான். கனமான செடான் காரில் வலிமை மிக்க இயந்திரத்தைப் பொருத்திவிட்டால், அது பந்தயக் காருக்கு இணையாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது எந்த அளவுக்கு உண்மை? ஒரே காரின் இரண்டு தலைமுறைகளை ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும்.

ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட எம்5 செடான் 600 குதிரைத்திறன் கொண்டது. அதன் எடை சுமார் 1,855 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அது 3.4 வினாடிகளில் எட்டியது. 2024-இல் வந்த அடுத்த எம்5 காரில், வி8 இயந்திரத்துடன் மின்மோட்டாரும் சேர்க்கப்பட்டது. திறன் 727 ஆனது. ஆனால், மின்கலம், மோட்டார் ஆகியவற்றின் சுமையும் சேர்ந்து எடை சுமார் 2,435 கிலோவாகியது. 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு 3.5 வினாடிகள் தேவைப்பட்டன.

127 குதிரைத்திறன் கூடியும் கார் ஏன் முந்தவில்லை? பழைய காரில் ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 323 குதிரைத்திறன் இருந்தது. புதியதிலோ 299தான். இயந்திரத்தின் திறனை மட்டும் பார்த்தால் போதாது. அது சுமக்கும் எடையையும் பார்க்க வேண்டும்.

வேகம் ஏற ஏற இந்தக் கணக்கு மாறும். அப்போது காற்றின் எதிர்ப்பே பெரிய தடை. அதை வெல்லத் திறன்தான் வேண்டும். அதனால்தான் மணிக்கு 200 கிலோமீட்டரைப் பழைய கார் 11.1 வினாடிகளில் எட்ட, புதியது 10.9 வினாடிகளில் எட்டுகிறது. ஆக, நேரான சாலையில் கனமான செடானும் விரைவான கார்தான்.

சிக்கல் வளைவிலும் பிரேக்கிலும் வருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, பழைய எம்5 சுமார் 716 கிலோஜூல் ஆற்றலைத் தணிக்க வேண்டும். புதியதற்கு அது சுமார் 940 கிலோஜூல். இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. மலைச்சாலையில் இறங்கும்போது அடிக்கடி பிரேக் பிடித்தால் இந்த வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். டயரின் நிலையும் அப்படித்தான். சுமை இரு மடங்கானால் பிடிமானம் இரு மடங்காவதில்லை. எனவே அகலமான டயர்களும் பெரிய பிரேக்குகளும் தேவைப்படுகின்றன. அவற்றால் விலையும் பராமரிப்புச் செலவும் கூடுகின்றன.

இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது, 1996 முதல் 2017 வரை மலேசியாவின் புரோட்டோன் வசமிருந்த லோட்டஸ். 1996-இல் விற்பனைக்கு வந்த அதன் எலிஸ் காரில் இருந்தது சாதாரண 1.8 லிட்டர் இயந்திரம். திறன் சுமார் 120தான். ஆனால், எடையும் ஏறக்குறைய 725 கிலோ மட்டுமே. நேரான சாலையில் எம்5 காரை அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. ஆயினும், வளைவுகளில் அது காட்டிய சுறுசுறுப்புக்காகவே இன்றும் பேசப்படுகிறது.

வாகனமோட்டிகள் மனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. கனமான, சத்தமில்லாத செடானில் வேகம் வேகமாகவே தெரியாது. 110 கிலோமீட்டரில் போக வேண்டிய கார் 140-இல் போனால், நிற்பதற்குத் தணிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 62 விழுக்காடு கூடிவிடும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பவை டயரும் பிரேக்கும்தான். கார் வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்பவர்கள், எடையையும் இவற்றின் தரத்தையும் சேர்த்தே கேட்பது நல்லது.