கார்வி மலரும் ஒரு பென்சிலும்

மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் குறிஞ்சியின் பெயரைக் கேளாத குழந்தை அரிது. அம்மலரைக் கண்ட குழந்தை அதனினும் அரிது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாற்று மலைகளில் 2018இல் மலர்ந்தபோது, நம்மில் எத்தனை பேருக்கு விடுப்புக் கிடைத்தது? ஆயினும் அதன் இனத்ததாகிய கார்வி, போரிவலி நிலையத்துக்கு அருகே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலேயே செறிந்து வளர்கின்றது. இதன் தண்டுகளை வரிந்து கட்டி, மண் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவர் மலைவாழ் மக்கள். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடிந்துவிடும். 2016இல் பூத்தது, பின்னர் 2024இல் பூத்தது.

அவ்வாண்டு மழைக்காலத்தில் என் மகளும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே சென்று அதனை வரைந்தோம். எட்டாண்டு காத்திருந்த மலரை எட்டு விநாடியில் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு பலர் திரும்பினர். கொத்தோடு ஒடித்துச் சென்றாரும் உளர்!

மழையில் மை கரையும், பென்சில் கரையாது. ஆதலின் பென்சிலும், கெட்டி அட்டையிட்ட சிறு நோட்டும், ஓர் அளவுகோலுமே போதும். பூவை விடுத்து முதலில் இலையை வரைதல் நலம். கார்வியின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. விளிம்பு பல் பல்லாக இருக்கும். பின்னரே பூ. அதன் வாய் ஐந்தாகப் பிரிந்திருப்பதை, எண்ணி வரையும்வரை நாங்கள் கவனித்திலோம். தேனீ உள்ளே புகுந்தால் பூ ஆடும். அது வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வண்ணத்தைச் சொல்லால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். கத்தரிப்பூ நிறம் என்றாள் மகள். நாவற்பழக் கறை என்றேன் நான். இரண்டையுமே எழுதினோம்.

கணக்குப்படி அடுத்த பூப்பு 2032இல். அப்பொழுது அவளுக்குப் பதினாறு வயதாகும். முப்பத்தைந்து வயதில் அதனைக் கண்ட நானோ, எண்பது வரை இருப்பினும் இன்னும் ஐந்து முறையே காணக்கூடும். அதற்குள் எந்த ஊருக்கு மாற்றலோ!

அதுவரை நோட்டு வெறுமையாய் இருக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் இப்பக்கத்துக் காடுகளிலும் மழைக்காலந்தோறும் பூக்கின்றது. இதழ் ஆறு, விளிம்பு நெளிநெளியாக இருக்கும், இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும். இளம்பூவில் மஞ்சள் மிகுதி, முதிர முதிரச் சிவப்பு. எனவே படத்தின்கீழ்த் தேதியைக் குறிப்பது அவசியம். செடி முழுதும் நஞ்சு, கிழங்கோ மிகக் கொடியது. குழந்தைகள் சற்று எட்ட அமர்ந்தே வரையட்டும்.