எலுமிச்சைப்புல்: வளர்ப்பும் அறுவடையும்

“எலுமிச்சைப்புல் தேநீர் பருகினால் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடலாமா?” எனப் புறநோயாளர் பிரிவில் சிலர் வினவுவதுண்டு. நிறுத்தக் கூடாது. ஆயினும், சர்க்கரை கலந்த தேநீருக்கு மாற்றாக இதனைச் சர்க்கரையின்றிப் பருகலாம். வீட்டுத் தோட்டத்திலேயே இதனை எளிதில் வளர்க்கவும் இயலும்.

வேருடன் கூடிய தூர்களைப் பிரித்து, வெயில் படும் இடத்தில் 2 அடி இடைவெளியில் நடவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். கோட்டுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மிகுதி என்பதால் மேட்டுப்பாத்தியே ஏற்றது. தொட்டியில் வளர்ப்போர் அடித்தட்டில் நீர் நிற்க விடலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே பெருகும். செடி இருப்பதால் மட்டும் கொசு அகன்றுவிடாது.

நான்கைந்து மாதங்களில் முதல் அறுவடை செய்யலாம். தரையிலிருந்து அரை அடி விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். இலையின் விளிம்பு தோலைக் கீறவல்லது. சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்கள் தோட்டத்தில் ஏற்படும் சிறு காயத்தை உணரமாட்டார்கள். அதுவே ஆறாத புண்ணாகக்கூடும். ஆகவே காலணியும் கையுறையும் அணிந்தே அறுவடை செய்யுங்கள். வேலை முடிந்ததும் கால்களைக் கழுவித் துடைத்து, உள்ளங்கால்வரை பாருங்கள்.

இரண்டு மூன்று இலைகளை நறுக்கி, கொதிநீரில் 5 நிமிடம் மூடிவைத்து வடிகட்டினால் போதும். கடையில் விற்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயை அருந்தக் கூடாது. கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே இத்தேநீரைப் பருகவேண்டும்.