உங்களுக்குத் தெரியுமா? சீனி வியாதி கொழுப்புத் துகளையே மாற்றிவிடும்

■ நீரிழிவுக்காரரின் இரத்த அறிக்கையில் ‘எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) சரி’ என்றிருந்தால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது.

■ இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, கல்லீரல் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பை இரத்தத்தில் அதிகம் விடுகிறது. அது எல்.டி.எல். துகளுக்குள் ஏறி, கொலஸ்ட்ரோலை வெளியேற்றுகிறது. பின்னர் ஒரு நொதி அந்த ட்ரைகிளிசரைட்டைக் கரைக்க, துகள் சிறுத்து இறுகுகிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லும் இதே வழியில் குறைகிறது.

■ அறிக்கை காட்டுவது எல்.டி.எல். சுமக்கும் கொலஸ்ட்ரோலின் அளவு. துகள்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே எடைக்குச் சின்னத் தேங்காய்தானே கூடுதலாக வரும்?

■ சிறு துகள் இரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைந்து படியும். சீனி ஒட்டிய துகளைக் கல்லீரல் மெதுவாகத்தான் அகற்றும்.

■ தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை. ஆனால் அதன் நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்தும்.

■ எனவே எல்.டி.எல்.லை மட்டும் பார்க்காமல், மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்தும் பாருங்கள். 200இல் 35 போனால் 165 (மி.கி./டெ.லி.). நீரிழிவுக்காரருக்கு இது 130க்குக் கீழே இருப்பது நல்லது. இதய நோயும் இருந்தால் இன்னும் குறைய வேண்டும்.

■ எல்.டி.எல். அதிகமில்லாத நீரிழிவுக்காரரிடம் நடந்த ‘கார்ட்ஸ்’ ஆய்வில் (2004), அட்டோர்வாஸ்டட்டின் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37% குறைத்தது.

■ 2005–06 ஆய்வின்படி, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3% பேருக்கு நீரிழிவு. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அதை அறியாமலே இருந்தார்கள்.